ஒரு கட்டை இறக்கிய பாட்டு

1. மைக்கை வைத்த நாள்

"கொரலு ஏறலன்னா வுடு. ரெக்கார்டிங்குக்கு வேற பையனப் பாத்துக்கலாம்" என்றான் பெனடிக்ட்.

குமார் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினான். "அப்ப அவனையே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். விம்கோ நகரில் நாங்கள் ஒத்திகைக்கு எடுத்திருக்கும் பழைய குடோனில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. மைக்கை வைத்துவிட்டு யாரும் போனதில்லை. அன்றைக்குத்தான் பேண்டு முடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

புதிதாக பேண்டு தொடங்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுவதால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். குமார் எங்கள் பாடகன். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன். விடியலில் அங்கே கத்திவிட்டு வந்துதான் எங்களோடு பாடுவான். லீட் கிடார் பெனடிக்ட், ராயபுரத்துக்காரன், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மெட்டெல்லாம் அவன் போடுவதுதான். டேவிட் டிரம்ஸ். நான் பாஸ் கிடார், அதாவது யார் கண்ணிலும் படாதவன். நாலு பேரும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர்கள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டோம்.

பல வருஷம் கழித்துப் புதுப் பாட்டுகள் பதிவு செய்ய முடிவு செய்திருந்தோம். முக்கியமான பாட்டை பெனடிக்ட் ஈ ஸ்கேலில் போட்டிருந்தான். கடைசிச் சரணத்தில் குரல் உச்சிக்குப் போக வேண்டும். குமாருக்கு அந்த இடத்தில் தொண்டை உடைந்தது.

"ஒரு கட்டை இறக்கி டி-ல வாசியேன்" என்றேன் பெனடிக்டிடம், குமார் வெளியே போனதும்.

"கிடார்ல அடிக் கம்பி ஈ. அமுக்காம சும்மா அடிச்சாலே முழங்கணும் மாமு. அதான் பாட்டே. டி-ல வாசிச்சா அது போயிடும்."

"கம்பியையே தளர்த்தி வெச்சுக்கோ."

"தொளதொளன்னு தொங்கும். கலீஜா கேக்கும்."

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

2. தடித்த கம்பி

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெனடிக்ட் என்னைக் குடோனுக்கு வரச்சொன்னான். கிடாரில் புதுக் கம்பி மாட்டியிருந்தான், எல்லாம் தடிமனான செட். இறக்கினாலும் தொங்காது. அடிக் கம்பி டி-யில் முழங்கியது. ஆனால் அழுத்திப் பிடிக்கக் கை வலி உயிர் போகும். விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

"உன் பாஸையும் ஒரு கட்டை இறக்கு. குமாருகிட்ட மூச்சு வுடாத."

"சொன்னா இன்னா?"

"அவனுக்காவ இறக்கினேன்னு தெரிஞ்சா பாடுவானா? ரோசக்காரன்."

காசிமேட்டுக்குப் போய் குமாரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். பாட்டைத் தொடங்கினோம். அந்தக் கடைசிச் சரணம் வந்தது. குமார் ஏறினான், நின்றான், முழுசாக நின்றான்.

"பாத்தியா? அதே ஈ-தான். சும்மா பேஜார் பண்ணிக்கினு இருந்த" என்றான் பெனடிக்ட்.

"போன வாரம் தொண்ட கட்டிக்கிச்சு பெனட்டு" என்றான் குமார்.

3. கூடையின் எடை

ரெக்கார்டிங் நல்லபடி முடிந்தது. வெளியே டீ குடிக்கும்போது குமார் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமு, கூடையத் தூக்கினதும் ஒரு கிலோ கொறஞ்சாலும் சொல்றவன் நானு. ஒரு கட்டை கொறஞ்சது தெரியாதா இன்னா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"அவன் வெரலப் பாத்தேன். அப்பால இன்னாத்த கேக்கறது?"

பிள்ளைகளே, ட்யூனிங்கும் மிக்ஸிங்கும் நீங்கள் போனிலேயே கற்றுக்கொள்கிறீர்கள். நல்லது. ஆனால் நல்ல பாட்டு வேண்டுமென்றால் சண்டை போடத்தான் வேண்டும், அதில் ஜெயித்தவன் கொஞ்சம் இறங்கி வரவும் வேண்டும். இந்த இரண்டு பேருக்கு நடுவில் நின்று வாசிக்கக் கிடைத்ததற்கு நான் கொடுத்துவைத்தவன்.

இன்றைக்கும் மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னால் குமார் திரும்பி, "ஈ-தானே பெனட்டு?" என்று கேட்பான்.

"ஈ-தான்" என்பான் பெனடிக்ட்.

டி-க்கு இறக்கிய கம்பியில் விரலை வைத்துக்கொண்டு நானும் தலையாட்டுவேன்.