பங்களாப் புல்லுக்குப் போட்ட போர்வை

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் போடிமெட்டுக்கு மேலே, ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களாவின் பின்னறையில் இருந்தோம்; தோட்ட வேலையோடு பங்களாக் காவலும் அப்பாவுக்கு. அதற்கு முன் எத்தனை தோட்டம் மாறினோம் என்பது நினைவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் பழகுவதற்குள் ஜீப்பில் சாமான் ஏறிவிடும். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

அந்த அறையில் ஓடு ஒழுகவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பெரிய விஷயம். முந்தின பிரசவம் அடைமழையில், கூலிக்காரர்களின் தகரக் கூரை லயத்தில் நடந்தது, பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஆறு மாதம். "இது பெறக்கிற வரைக்குமாச்சும் இந்த எடத்தவிட்டு நகராதீக," என்றாள். அப்பா உடனே சரி என்றார். வேறு எதற்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

மாசி பிறந்தது. பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரை பனி அடித்துப் பழைய சாக்கு நிறத்தில் கிடந்தது. பங்குனியில் முதலாளி குடும்பத்தோடு வருவார். கணக்கப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டார். "காஞ்சத எல்லாம் வாரி எடு. எருவத் தூவித் தண்ணி காட்டு. வெயில்ல கருகிரப் போகுது, பாத்துக்க. அவுக வாறப்ப பச்சைப் பசேல்னு கெடக்கணும்." சொல்லிவிட்டுப் போடிக்கு இறங்கிப் போனார்.

அப்பா புல்லைப் பிடுங்கியே வளர்ந்தவர். புல்லை வளர்க்கச் சொல்லி அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. இருந்தாலும் குறை வைக்கவில்லை. இரும்புப் பல் வைத்த வாரியால் காய்ந்ததைக் கோதி எடுத்தார். சாண எருவை உதிர்த்துத் தூவினோம். வெயிலுக்கு என்ன செய்வதென்றுதான் இடுப்பில் கைவைத்து யோசித்தார். ஏலச்செடிக்கு என்ன செய்வோம்? கோடைக்கு முன் தூரைச் சுற்றிச் சருகால் மூடுவோம். அதையே செய்தார். சோலைக்குள் போய்ச் சருகைக் கூடை கூடையாக அள்ளிவந்து, கணுக்கால் புதையப் பரப்பினோம்.

"கொண்டா ஆத்தா, வெரசா. அந்த மூலையில வெயில் ஏறுது பாரு," என்று என்னை விரட்டுவார்.

தினமும் சருகின் மேலேயே தண்ணீர் ஊற்றினார். அடியில் புல் என்ன செய்கிறது என்று திறந்து பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். "தொடாத. தூங்குற பிள்ளைய எழுப்பலாமா?" என்பார்.

பங்குனியில் முதலாளி வந்து இறங்கினார்; கணக்கப்பிள்ளையும் கூடவே வந்தார். "புல்லு எங்கப்பா?"

அப்பா பெருமையாகக் குனிந்து சருகை விலக்கினார். அழுகல் நாற்றம் அடித்தது. புல் வெளுத்து, வழவழவென்று மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கணக்கப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் முதலாளி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏலத்துக்குப் போடுறத புல்லுக்குப் போட்டிருக்கான்யா! இவன வெரட்டிராதேயும். இப்படி ஆளு கெடைக்க மாட்டான்."

வேலை போகவில்லை. ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டு அந்தப் புல்லுக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். முதல் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கோ ஒரே பெருமை. அப்பா பேசுவதை நாற்காலி போட்டுக் கேட்கிறார்களே! போகப் போக அவர் கதையைச் சுருக்கினார். ஒரு மாலை முக்கியமான இடத்தையே விட்டுவிட்டார். நான் பொறுக்க முடியாமல் கத்தினேன்: "அப்பா, தூங்குற பிள்ளைய எழுப்பாதன்னு சொன்னீகளே, அதச் சொல்லலையே!"

அவ்வளவுதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டுப் பிஸ்கோத்து கொடுத்தார். அம்மா பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன சோலி இது? இன்னும் கொஞ்ச நாள்தான. நான் பொறுத்துக்கிறேன்," என்றார் அப்பா.

"அந்தக் கயித்த எடுங்க. மொத ஜீப்பு போயிரும்."

போகிற இடத்தில் ஓடா தகரமா என்றுகூட அவள் கேட்கவில்லை. நகராதீக என்று கெஞ்சியவளே ஏன் முதல் முடிச்சைப் போட்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. பிஸ்கோத்து கொடுக்கிற இடம் போய்விட்டதே என்று, மலை இறங்கும் வரை வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே வந்தேன்.