நானூறு கிராம் தண்ணீர்

1. குழி

பெருவிரலை எடுத்த பிறகும் பிள்ளையின் புறங்காலில் குழி அப்படியே இருந்தது. மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். குழி நிரம்பவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாயாற்றுப் பக்கம் நான் குடும்பநல மருத்துவமாதாக இருந்தேன். மாதம் ஒரு நாள் அந்தோனியார் கோயில் விறாந்தையில் கிளினிக். கூரை வளையில் தொங்குதராசைக் கட்டி, பிள்ளைகளை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி போடுவேன். அன்று வந்தவள் ஜெனிற்றா, இரண்டு வயது. தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, கால் வீங்கி, முகம் உப்பியிருந்தாள். சிணுங்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறீர்?" என்று தாய் ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"கஞ்சிதான் மிஸ்ஸி. சீனி போட்டு."

"மீன்?"

"மீன் எங்கடை குசினியிலை படாது. நேத்தி வைச்சிருக்கிறம்."

பிள்ளைக்குச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, வந்து, பின்னாலேயே வயிற்றோட்டமும் வந்திருக்கிறது. கைக்குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலும் நின்றுவிட்டது. பிள்ளை தேறும் வரை வீட்டில் ஒருவரும் மீன் தொடுவதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன். புருஷன் களப்பில் வலை போடுகிறவன். முற்றம் முழுக்கக் கருவாடு காய்கிறது, அத்தனையும் விற்க. பொருளாதாரத் தடையால் பருப்பு கடைகளில் கிடைக்காத காலம். முட்டை கிரந்தி, சிரங்கைக் கிளப்பும், பிள்ளைக்குக் கூடாது என்று அதையும் நிறுத்தியாயிற்று. மிச்சம் இருந்தது மீன் ஒன்றுதான். அந்தோனியார் கேட்டாரா இவர்களிடம் மீனை?

விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினேன். நான் முடித்ததும் ஜெசிந்தா அட்டையை நீட்டினாள்.

"போன மாசம் நீங்கள்தானே நானூறு கிராம் ஏறியிருக்கு, நல்லது எண்டு சொன்னனீங்கள். நேத்தி பலிக்குது எண்டுதான் விடாமல் பிடிச்சனாங்கள்."

அட்டையில் என் கையெழுத்து. புள்ளிக்குப் பக்கத்தில் "நன்று" என்று வேறு எழுதி வைத்திருந்தேன். 

2. அந்த நிறை எங்கிருந்து வந்தது

இதை வாசிக்கிறவர்களில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனியுங்கள். கஞ்சியும் சீனியும் காபோவைதரேற்று, அதாவது மாச்சத்து. வாயிலும் சிறுகுடலிலும் உடைந்து குளுக்கோசாகிச் சக்தி கொடுக்கும். ஆனால் அதைக் கொண்டு உடம்பால் தசை கட்ட முடியாது. அதற்குப் புரதம் வேண்டும். மீனில் உள்ள புரதம் இரைப்பையில் பெப்சின் என்ற நொதியத்தாலும், பிறகு சிறுகுடலில் வேறு நொதியங்களாலும் துண்டுபட்டு, கடைசியில் அமினோ அமிலமாகக் குருதிக்குள் போகிறது. ஈரல் அதை எடுத்து அல்புமின் என்ற புரதத்தைச் செய்கிறது. குருதிக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த அல்புமினுக்குத்தான். அது குறைந்தால் தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து தசையிடுக்கில் தேங்கும்.

தராசுக்குத் தண்ணீரும் தசையும் ஒன்றுதான். தராசை விடுங்கள், அது இரும்பு. பயிற்சி எடுத்த எனக்கு எங்கே போயிற்று புத்தி? அன்று வரிசையில் அறுபது பிள்ளைகள் என்று சாக்குச் சொல்லலாம். காலில் விரலை வைத்து அமத்திப் பார்க்க எத்தனை நேரம் எடுக்கும்?

3. இறங்கிய நிறை

பிள்ளையை முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மீனும் கொடுக்க வேண்டும் என்றேன். நேர்த்தியை முறித்தால் அந்தோனியார் பிள்ளையை எடுத்துவிடுவார் என்று ஜெசிந்தா அழுதாள். கோயில் பாதிரியார் சுவாமியைக் கூப்பிட்டேன்.

"முறிக்க வேண்டாம், பிள்ளை. மாத்துவம்," என்றார் அவர். "மீனுக்குப் பதிலாப் பதின்மூண்டு செவ்வாய் பூசைக்கு வாரும். இண்டையிலையிருந்து எல்லாரும் மீன் சாப்பிடலாம். அந்தோனியாருக்கு நான் பொறுப்பு."

நான் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது அவருடைய நாலு வார்த்தையில் நடந்தது. அந்த எரிச்சல் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஆசுபத்திரியில் உடனே மீனைக் கொடுக்கவில்லை. நொதியமும் புரதம்தான். பட்டினி கிடந்த உடம்பில் அதுவும் குறைவு, குடலின் உட்சுவரும் தேய்ந்துபோயிருக்கும். ஒரேயடியாகத் திணித்தால் தாங்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால்.

ஐந்தாம் நாள் போனேன். ஜெசிந்தா உடுப்புப் பையைக் கட்டிவைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்றாள்.

"நிறை அரைக் கிலோவுக்கு மேலை இறங்கிட்டுது மிஸ்ஸி. நேத்தியை மாத்தினதாலைதான். பிள்ளை செத்தாலும் வீட்டிலை சாகட்டும், நான் கொண்டு போறன்."

ஏறினால் நல்லது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது இறங்குவது நல்லது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவளுடைய கையைப் பிடித்து, பெருவிரலைப் பிள்ளையின் காலில் வைத்து அமத்தினேன். விரலை எடுத்தோம். குழி இல்லை. மற்றக் காலையும் அவளே அமத்திப் பார்த்தாள். அங்கும் குழி இல்லை. காலில் இருந்த தண்ணீர்தான் போயிருக்கிறது, பிள்ளை போகவில்லை என்றேன். கால் கூசியதாக்கும், ஜெனிற்றா அதை இழுத்துக்கொண்டு சிணுங்கினாள். வந்த நாளிலிருந்து அவள் போட்ட முதல் சத்தம் அது.

ஜெசிந்தா பையை அவிழ்த்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தாள். ஜெனிற்றா கையில் ஒரு பொரித்த மீன்துண்டு. தராசில் தொங்கும்போதும் அதை விடவில்லை. எழுநூறு கிராம் ஏறியிருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பேனையை எடுத்து "நன்று" என்று எழுதப் போனேன்.

ஜெசிந்தா அட்டையின் மேல் கையை வைத்தாள்.

"காலை அமத்திப் பாத்தனீங்களோ, மிஸ்ஸி?"

பார்க்கவில்லை.