கால்வாய்க்கரையில் சிவப்பு எண்கள்

மெட்ரோ ரயில் ஆட்கள் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கருவியை ஒட்டிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கீழே சுரங்கம் தோண்டும்போது மேலே மயிலாப்பூர் விரிசல் விடுகிறதா என்று பார்த்துச் சொல்லுமாம். பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஓர் எண்.

"ஒண்ணும் ஆகாது சார், சும்மா பாக்கத்தான்" என்றார் ஒட்டியவர்.

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குப் பாக்கறா?" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து காபி டம்ளரோடு சுவர் சுவராகச் சுற்றுகிறேன். நேற்று ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அவளைக் கூப்பிட்டேன். ஒட்டடை.

ஆனால் அந்த பெயின்ட் வாடை என்னைத் தனசேகரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது.

நானும் அவனும் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாக்கள். தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் அப்போது எங்கள் திருமயிலை ஸ்டேஷனோடு நின்றுவிடும். அந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்து பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயிலைக் கோட்டை விட்டுவிடலாம், அவ்வளவு பெரிசு. புறாக்கள், நாய்கள், காதலர்கள், அப்புறம் நாங்கள். நான் தினமும் ஒரு தடித்த நாவலை விரித்து, ஒரு கிழவர் சாகக்கிடக்கும் முதல் அத்தியாயத்தைப் படிப்பேன். மறுநாளும் முதல் அத்தியாயம்தான். "இன்னா மச்சி, அந்தாளு இன்னும் சாவலியா?" என்று தனசேகர் எட்டிப் பார்ப்பான்.

அவன் வீடு ஸ்டேஷன் தாண்டி பக்கிங்காம் கால்வாய்க்கரையில். அவன் அம்மா கன்னியம்மா, அங்கிருந்து அபிராமபுரத்துக்கு நடந்துபோய் மூன்று வீடுகளில் வேலை செய்தார். ரயிலைக் கால்வாயோடு நீட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், யாரோ வந்து கதவுகளில் சிவப்பு எண் எழுதினார்கள். "சும்மா கணக்குக்கு" என்றார்கள். எண் போட்ட வீடுகளைத்தான் இடிப்பார்கள் என்று ஒரு வதந்தி. கன்னியம்மா மண்ணெண்ணெய் தொட்டு அழித்தார். கரையே அழித்தது. அப்புறம் இன்னொரு வதந்தி: எண் இருந்தால்தான் மாற்று வீடு. சாயங்காலத்துக்குள் கரை முழுக்க பெயின்ட் வாடை. எண் மறந்துபோனவர்கள் பிடித்த எண்ணை எழுதிக்கொண்டார்கள்.

என் கையெழுத்து அழகாயிருக்கும் என்று தனசேகர் என்னை இழுத்துப்போனான். நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணும் கருத்துமாய் எழுதினேன். கன்னியம்மா தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னா நைனா, கோலமா போட்டுக்கினு கீற? கவர்மென்ட்டு ஆளு இப்டியா எய்துவான்? கோணலா போடு."

அழித்துவிட்டுக் கோணலாகப் போட்டேன்.

"வூடு குடுத்தா மட்டும் போதுமா? நடக்குற தூரத்துல குடுக்கணும். பஸ்ஸேறி வந்து பாத்திரம் தேய்ச்சா சம்பளம் பஸ்ஸுக்கே சரியாப் பூடும்."

"கிட்டத்தான் குடுப்பாங்கம்மா" என்றேன். நாலு புத்தகத்தில் முதல் அத்தியாயம் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

கரை வீடுகளை இடித்துவிட்டு, ஊருக்குத் தெற்கே, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் கொடுத்தார்கள். கோணல் எண், நேர் எண் என்று யாரும் பார்க்கவில்லை. கன்னியம்மா கொஞ்ச காலம் இருட்டோடு கிளம்பி வந்து பார்த்தார். அபிராமபுரத்துப் பாத்திரங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வீடாக வேறு ஆள் வைத்துக்கொண்டது. தனசேகரும் எங்கள் ஆபீசை விட்டுவிட்டு அந்தப் பக்கமே ஒரு கம்பெனியில் சேர்ந்தான்.

ரயில் நீண்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அதில் ஏற்றிக்காட்ட அழைத்துவந்தான். நானும் போனேன். மந்தைவெளிக்கு முன்னால் கீழே தூண்களும் கறுப்புத் தண்ணீரும் தெரிந்தன.

"யம்மா, நம்ம வூட்டு மேலயே போறோம் பாத்தியா?" என்று சிரித்தான்.

அவர் கீழே பார்க்கவேயில்லை. மந்தைவெளி ஸ்டேஷன் வாசலையும் அதற்கு அப்பால் அபிராமபுரத்து மொட்டைமாடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ கிட்ட கீது பாரு. இங்க எறங்குனா வேலைக்குப் பொடிநடையாப் பூடலாம். ஏன்டா, இந்த ரயிலு நம்மாண்ட வருதா?"

"இல்லம்மா."

"அப்ப யாருக்குடா வுட்டான்?"

தனசேகர் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவர் வேலை செய்த மூன்று வீடுகளும் இப்போது அடுக்குமாடிகள். ரயிலில் கூட்டம் அம்முகிறது. இன்று காலை மந்தைவெளியில் இறங்கிக் கால்வாயோரம் நடந்து பார்த்தேன். முன்பு போல ஈரத் தலையை முடிந்துகொண்டு, ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கரையிலிருந்து ஓட்டமும் நடையுமாய் ஏறிவரும் பெண்கள் ஒருவர்கூட இல்லை.