எனக்காகக் கதைத்தவர்

கனடாவில் மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் என் தொடையின் உட்புறம் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. அந்த இடத்தில் நரம்பு சுண்டி இழுத்தது. முழங்கால் வரை மிளகாய்த்தூள் பூசியது போல் எரிந்தது. தடித்த காற்சட்டை உரசியதால் என்று முதலில் நினைத்தேன். பிறகு தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகையில் வைத்தியர் பதில்களைப் படித்துத் தொலைத்தேன். பருவும் நரம்பு வலியும் சேர்ந்து வந்தால் ஹெர்பீஸாக இருக்கலாம், கணவன் மனைவிக்குள் தொற்றும் என்று போட்டிருந்தார்கள்.

அன்றோடு தூக்கம் போயிற்று. நான் மன்னாரில் விசாவுக்குக் காத்துக் கிடந்த வருடங்களில் என் கணவர் இங்கே மொன்றியலின் வில்லரேப் பகுதியில் தனியாக இருந்தவர். நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால்? இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான்.

டாக்டரிடமும் அவர்தான் கூட்டிப் போனார். டாக்டருக்குப் பிரெஞ்சு, எனக்குத் தமிழ், நடுவில் என் கணவர். நல்ல ஏற்பாடு! இது புருசனிடமிருந்து வருமா என்று கேட்கச் சொல்லி அந்தப் புருசனிடமே எப்படிச் சொல்வது?

"சரியா எரியுது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

டாக்டர் பருவில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். என் கணவர் என் பக்கம் திரும்பாமலே "நொன்" என்றார். இல்லை என்கிற அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும்.

"என்ன கேட்டவர்?"

"சும்மா, எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உடம்பு என்னுடையது, பதில் அவருடையது.

பரிசோதனை முடிவு வரும்வரை அவர் அதிகம் கதைக்கவில்லை. என்மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. அவர் எடுத்து, "வுய், வுய், மெர்சி" என்று ஓமும் நன்றியும் சொல்லி வைத்தார்.

"ஹெர்பீஸ் இல்லையாம். மயிர்க்கால் வீங்கினதாம். யோசிச்சு யோசிச்சு எரிவு கூடியிருக்குமாம்."

நான் மாதாவுக்கு நன்றி சொல்வதற்குள் அவர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா. அப்ப என்னட்டையிருந்து உமக்கு ஒண்டும் வரேல்லை."

அவரிடமிருந்து வருமா என்று நான் ஒரு நாளும் கேட்டிருக்கவில்லை. அவர் தேத்தண்ணீர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.