காசு போடாத ஆட்டம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் நின்ற இடத்திலிருந்தே மேலே போவதற்காக இருபத்தாறு வருடமாக இவர் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற நினைப்பு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அலங்காரமெல்லாம் செய்துகொண்டு போய், "நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பழுதில்ல" என்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனிதரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று.

எந்தப் பொத்தானைக் கண்டாலும் மூன்று தடவை அழுத்திப் பார்ப்பார். அடுத்த வீட்டு அழைப்பு மணியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர்கள் கதவைத் திறந்து முறைத்தால், "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று நற்சான்று கொடுத்துவிட்டு வருவார். ஒரு சாமான் ஓடவில்லை என்றால் அதற்கான பாகம் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்யும், தேடாதவன்தான் சோம்பேறி. இதுதான் அவருடைய வேதம்.

அவருக்கு ஒரே தம்பி. ஐந்து வயது இளையவர், தையல்காரர். பேன்ட் வெட்டுவதில் கைராசிக்காரர் என்று பெயர். அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிற ஆள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "யாருக்கும் அளவு சரியா வரலை அண்ணி" என்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினார். கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தோம். பிறகு கத்திரிக்கோல் கையிலிருந்து விழ ஆரம்பித்தது. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, முதலில் கை, அடுத்து கால், அப்புறம் பேச்சு, கடைசியில் மூச்சு என்று டாக்டர் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரோ, "எந்தப் பார்ட்டை மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர், எங்க இருந்தாலும் கொண்டுவந்துடறேன்" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பியை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். ஹாலை ஒட்டிய சின்ன அறையில் கட்டில். வந்த வாரமே இவர் இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தின் லிஃப்டிலிருந்து அபாய மணியைக் கழற்றிவந்து கட்டில் ஓரத்தில் பொருத்தினார். "என்ன வேணும்னாலும் இதை அழுத்து." வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் கேட்பார்:

"மணி அடிச்சானா?"

"இல்லைங்க."

"அப்போ நல்லாத்தான் இருக்கான்."

லிஃப்டுக்கு அது சரி. மணி அடிக்கவில்லை என்றால் உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தம்பி மணி அடிக்காததற்குக் காரணம், அந்தப் பொத்தானை அவரால் அழுத்த முடியவில்லை. "அண்ணி" என்று கூப்பிடுவார், நான் ஓடுவேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவதும் நான்தான். ஆயிரம் சட்டைக்குக் காஜா எடுத்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் மோவாயை உயர்த்திக்கொண்டு நிற்பார்.

"அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. அண்ணாவுக்குத் தாங்காது."

சரி என்றேன். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சீக்கிரமே காலும் தளர்ந்து தம்பிக்குச் சக்கர நாற்காலி வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது தம்பி பழைய கதையை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. அதன் மூலையில், காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் காசு இருந்ததில்லை. யாரும் காசு போடாத நேரத்தில் அந்தப் பெட்டி ஆள் பிடிப்பதற்காகத் தானே ஆடிக்காட்டும். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் உடைந்த பாலங்களைத் தாண்டிக் குதித்து ஓடுவான். இவர்கள் போய், பெட்டியில் ஆட்டுவதற்கென்று நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, தாங்கள்தான் ஆட்டுகிறோம் என்று ஆடுவார்களாம். முதல் பாலம் தாண்டும், இரண்டாவது தாண்டும், மூன்றாவதில் பச்சைச் சட்டைக்காரன் விழுந்து சாவான். தினமும் அதே இடம். சின்னவர் அழுதுவிடுவார் என்று மூன்றாவது பாலம் வரும்போது பெரியவர் உள்ளங்கையால் அவர் கண்ணைப் பொத்திவிடுவாராம்.

"நாலாவது பாலம் எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் பாக்கலையே அண்ணா" என்று தம்பி சிரித்தார். "கை இருக்கும்போதே ஒரு தடவை காசு போட்டு ஆடியிருக்கலாம்."

இவர் எழுந்து போய்த் தம்பியின் சக்கர நாற்காலியை இஞ்ச் டேப்பால் அளக்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பெட்டி செய்யப்போறேன். இவன் கையாலயே தாண்டுவான்."

மரவேலைக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு ஸ்டூல் செய்தவரில்லை. ஆனாலும் பிளைவுட் வந்து இறங்கியது, கருப்பு மைக்கா வந்தது, எங்கோ பழைய டப்பா டிவி ஒன்று கிடைத்தது. அந்த ஆட்டத்தை ஓட்டுவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டும் வாங்கினார். ஹால் பட்டறையாகிவிட்டது. ஒரு மாதம் தலையணையைத் தட்டினால் மரத்தூள் பறந்தது. நான் கத்தினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தார்.

பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகளையும் வெட்டி, மைக்கா ஒட்டி, நிமிர்த்தி வைத்த அன்று தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டுமே இடது பக்கப் பலகை! ஒன்றை வலது பக்கம் வைத்தால் பளபளப்பு உள்ளே போய் மொட்டைப் பலகை வெளியே தெரிந்தது.

"அண்ணா, ரெண்டு இடது கை வெச்சு சட்டை தைச்சிருக்கியே! எங்க கடையா இருந்தா முதலாளி இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பார்."

"இப்போ என்ன பண்ணச் சொல்றே?"

"முதல்ல பேப்பர்ல வெட்டு. வெட்டினதைத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு வெட்டு. துணியோ மரமோ, எதிர்ப்பக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அதற்கப்புறம் பெட்டியைத் தம்பிதான் வெட்டினார் என்று சொல்ல வேண்டும். கை மட்டும் இவருடையது. செய்தித்தாளை ஒட்டி ஒட்டி மாதிரி தயாரித்தார்கள். முழங்கால் இடிக்காமல் நாற்காலி உள்ளே போக எவ்வளவு வெட்டு விட வேண்டும், முழங்கை எந்த உயரத்தில் தாங்க வேண்டும் என்று தம்பி தன் உடம்புக்குத் தானே அளவு சொன்னார். "இங்க அரை இஞ்ச் லூஸ் விடு, நான் இனிமே இளைப்பேன்" என்று ஒரு தடவை சொன்னார். இவர் அந்த அரை அங்குலத்தை விடவில்லை.

பொத்தான்கள் லிஃப்டிலிருந்து வந்தவை. பெரியவை, அழுத்தினால் விளக்கு எரியும். ஸ்பிரிங்தான் கல் மாதிரி. அதற்குப் பதிலாகப் பேனா ஸ்பிரிங்கைப் போட்டு, ஒவ்வொரு சுற்றாக நறுக்கி மெலிதாக்கிக்கொண்டே வந்தார். பொத்தான் மேல் சாவிக்கொத்தை வைப்பார். அழுந்தினால் ஒரு சாவியைக் கழற்றிவிட்டு மறுபடி வைப்பார். பிறகு வெளியே எதுவும் தெரியாத பெட்டிக்குள் அவர் புகுந்துகொண்டு, தம்பியிடம் "அழுத்து" என்பார். உள்ளே சுவிட்ச் "டிக்" என்று கேட்டால் தேறியது என்று அர்த்தம்.

முதல் இரண்டு ஞாயிறும் தம்பி தோளைச் சாய்த்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கைமேல் இறக்கி அழுத்திவிட்டார். மூன்றாவது ஞாயிறு முடியவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. பெட்டிக்குள்ளிருந்து, "அழுத்துடா" என்று குரல் வந்தது. தம்பி என்னைப் பார்த்தார். நான் என் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினேன். டிக்.

"பாத்தியா! பலம் இருக்குடா விரல்ல. டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று பெட்டி பேசியது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறும் அழுத்தினேன். அதற்கடுத்த ஞாயிறும். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. அழுத்தாமலும் இருக்க முடியவில்லை.

"இதுக்கு மேல மெலிசாக்க வேண்டாம். கை பட்டாலே அடிச்சுக்கிட்டு இருக்கும், ஆட முடியாது" என்று சொல்லி ஸ்பிரிங் நறுக்குவதை அவர் நிறுத்திவிட்டார். என் விரலுக்குத் தகுந்த ஸ்பிரிங் அது.

நாலாவது மாதம் பெட்டி முடிந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, கீழே மடித்த அட்டை வைத்து நேராக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. இவர் குளித்து, தம்பி எப்போதோ தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தம்பிக்கு நான் சீக்கிரமே பொத்தான் போட்டு உட்கார வைத்திருந்தேன். நாற்காலி பெட்டிக்குள் கச்சிதமாகப் போய் நின்றது. சுவிட்சைப் போட்டதும் திரையில் பச்சைச் சட்டைக்காரன் வந்து குதித்தான். "அதே சட்டை அண்ணா! காலர்கூட அதே மாதிரி" என்றார் தம்பி. அதற்குள் அவர் நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது.

இவர் தம்பியின் இடது கையைக் குச்சிமேல் வைத்தார், வலது கை விரலை ஸ்டார்ட் பொத்தான்மேல் வைத்தார். இந்தத் தடவை பெட்டிக்குள் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

"அழுத்து."

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரியவில்லை. பச்சைச் சட்டைக்காரன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"ஒயர் விட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு இவர் பின்பலகையைத் திறந்து உள்ளே புகுந்தார். "ம், எல்லாம் சரியாத்தான் இருக்கு. இப்போ அழுத்து."

என் கை தானாகவே முன்னால் போனது. தம்பி தலையை அசைத்தார். "வேண்டாம் அண்ணி" என்று உதடு மட்டும் அசைந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"அழுத்துடா."

"அழுத்தறேன் அண்ணா."

உள்ளே சத்தமில்லை.

"அழுத்து!"

"அழுத்திக்கிட்டுதான் அண்ணா இருக்கேன்."

பெட்டிக்குள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்பிரிங்கை எடுத்துடறேன்" என்று மெதுவாக ஒரு குரல்.

"ஸ்பிரிங்ல இல்ல அண்ணா. அண்ணியைத் திட்டாதே, நான்தான் அழுத்தச் சொன்னேன். நீ வெளியே வா."

அவர் வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் மரத்தூள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நேராகச் சின்ன அறைக்குப் போய், கட்டில் ஓரத்து மணியை மூன்று தடவை அழுத்தினார். வீடே அதிர மூன்று தடவை அடித்தது. ஒரு குறையும் இல்லாத மணி. திரும்பி வந்து நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் அழுத்தறேன். எங்க குதிக்கணும்னு நீ சொல்லு. நாலாவது பாலத்தைப் பாத்துடலாம்."

"வேண்டாம் அண்ணா. அது நீ ஆடினதாயிடும்." தம்பி மூச்சு வாங்கிக்கொண்டார். "காசு போடாம ஆடலாம், வா. அதுதான் நமக்குத் தெரிஞ்ச ஆட்டம்."

இவர் எழுந்து தம்பியின் கைமேல் தன் கையை வைத்துக் குச்சியைப் பிடித்தார். பச்சைச் சட்டைக்காரன் மறுபடியும் முதலிலிருந்து ஓடி வந்தான். அவன் போகிற பக்கமெல்லாம் இரண்டு கையும் சேர்ந்து குச்சியைச் சாய்த்தன. முதல் பாலம் தாண்டியது. "சபாஷ்" என்றார் தம்பி. இரண்டாவதும் தாண்டியது. பச்சைச் சட்டைக்காரன் குதிக்கிற இடத்திலெல்லாம் ஐம்பது வயசான என் வீட்டுக்காரரும் தோளைத் தூக்கிக் குதித்தார்.

மூன்றாவது பாலம் வந்தது. இவருடைய இடது கை மெல்ல உயர்ந்து போய்த் தம்பியின் கண்களைப் பொத்தியது.

"கையை எடு அண்ணா" என்றார் தம்பி. "நான் பார்த்துக்கறேன்."

கையை எடுத்துவிட்டார். தம்பி இமை கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டது என் வீட்டுக்காரர்தான். பச்சைச் சட்டைக்காரன் விழுகிற சத்தம் கேட்ட பிறகும் அவர் திறக்கவில்லை.