புதன்கிழமைக் கூட்டம், திங்கட்கிழமை அறிக்கை

காலை 9.40. கோபாலபுரத்தில் அந்தப் பழைய பங்களாவின் முன்னறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மூன்று சுவர்க் கடிகாரங்கள். கீழே லண்டன், சென்னை, கொழும்பு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம்தான். சுவரில் மட்டும் நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தது.

நாளிதழ் டெஸ்க்கில் முப்பத்தோரு ஆண்டு இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஓர் அறக்கட்டளையில் அறிக்கை எழுதும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால், நான் செய்த தவற்றை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

அறக்கட்டளையின் வேலை எளிமையானது. சென்னையில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களைத் தொண்டர்களாக வெளிநாட்டுக் கிராமப் பள்ளிகளுக்கு மூன்று மாதம் அனுப்புவார்கள். தொண்டர் அங்கே பெற்றோரைக் கூட்டி, பள்ளிக்கு என்ன தேவை என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். இதற்குச் சமூகப் பங்கேற்பு என்று பெயர். முடிவானதை வாங்கித் தருபவர்கள் லண்டனில் இருந்த நன்கொடையாளர்கள். ஒரு பள்ளிக்கு ஒரு பொருள், ஒரே ஒரு முறை. அதுவரை ஐந்து பள்ளிகள் முடிந்திருந்தன. ஐந்து ஊர்ப் பெற்றோரும் நூலகம்தான் கேட்டிருந்தார்கள். பெற்றோருக்குத் தரும் படிவத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. அதில் மூன்று கட்டங்கள்: நூலகம், கணினி, விளையாட்டுப் பொருட்கள். நூலகம் முதலில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை

ஆறாவது பள்ளி, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. போயிருந்தவர் வசந்தா டீச்சர், மயிலாப்பூர்க்காரர், கணக்கு ஆசிரியை. பெற்றோர் கூட்டம் புதன் காலை பத்து மணிக்கு. ராகு காலமும் எமகண்டமும் படாமல் காலண்டர் பார்த்துக் குறித்தவர் செயலாளர் சேஷாத்ரி. அந்த நேரத்தில் பெற்றோர் அத்தனை பேரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள் என்பது காலண்டரில் இல்லை.

திங்கள் மதியம் சேஷாத்ரி என் மேஜைக்கு வந்தார். லண்டன்காரர்களின் செய்தி மடல் மறுநாளே அச்சுக்குப் போகிறதாம்.

"கூட்டமோ புதன்கிழமை. இந்த இஷ்யூல வரலேன்னா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுதான். என்ன பண்ணலாம் சார்?"

இது ஒரு பிரச்சினையே இல்லை என்று சொன்னேன். சொன்னது நான்தான், அவர் இல்லை.

சபா விழாக்களுக்கு அழைப்பிதழை வைத்தே செய்தி எழுதிவிடுவது எங்கள் டெஸ்க்கின் பழக்கம். இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் நன்றி கூறினார். விழா தொடங்கும்போது பக்கம் முடிந்திருக்கும். இத்தனை ஆண்டில் ஒரே ஒருமுறை, விழாவுக்கே வராத ஒருவர் நன்றி கூறியதாக வந்துவிட்டது. அவரும் மறுப்பு அனுப்பவில்லை.

இருபது நிமிடத்தில் அறிக்கை தயார். 'பெற்றோர்கள் திரளாகக் கலந்துகொண்டனர். பள்ளிக்கு நூலகம் அமைத்துத் தர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. திருமதி வசந்தா நன்றி கூறினார்.' சேஷாத்ரி படித்துவிட்டு, நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாழன், 11.15

வசந்தா டீச்சர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். சேஷாத்ரி அந்த அறிக்கையை வாழ்த்துகளுடன் அவருக்கும் அனுப்பிவைத்திருந்தார்.

"நான் நன்றி சொன்னேன்னு போட்டிருக்கேள். நான் ஒரு வார்த்தை பேசலை சார். அவா பேசினா, நான் கேட்டுண்டிருந்தேன்."

புதன் காலை பத்து மணிக்கு ஒருவரும் வரவில்லை. டீச்சரே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போய் விசாரித்து, பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்தபின் மாலை ஐந்தரைக்குக் கூட்டத்தை மாற்றியிருக்கிறார். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒருவர்கூட நூலகம் கேட்கவில்லை. பள்ளிக்கும் தோட்டத்தின் மேல்பிரிவு வீடுகளுக்கும் நடுவே ஓர் ஓடை. அதற்கு ஒரு நடைபாலம் வேண்டும் என்றார்கள்.

பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்தார். ராசம்மா என்பவர், மேல்பிரிவில் கொழுந்து பறிப்பவர், அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நிதானமாகப் பேசினார்.

"ஐயா, ஓடையில தண்ணி வந்துட்டா எங்க பக்கத்துப் புள்ளைங்க பள்ளிக்கூடம் வராதுங்க. புத்தகம் அந்தப் பக்கம் இருக்கும், புள்ள இந்தப் பக்கம் இருக்கும். மூத்தவள அப்பிடித்தான் நிப்பாட்டினோம். இளையவ அஞ்சாம் வகுப்பு. இவளையும் நிப்பாட்ட வச்சிராதீங்க."

பத்திரிகையில் இருந்த காலத்தில், நான் எழுதிய செய்தியில் இருந்தவர்கள் என்னை அழைத்துப் பேசியது குறைவு. அதுவும் 'ஒருமனதாக' என்ற சொல்லுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் அழைத்ததில்லை.

சேஷாத்ரியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா படிவத்துல பாலம்னு ஒரு கட்டமே இல்லையே சார்." மடல் அச்சாகிவிட்டது, நூலகத்துக்கு ஒப்புதலும் வந்துவிட்டது என்றார்.

டீ கொண்டுவந்த சரோஜா கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். அலுவலகத்தைப் பெருக்கி, டீ போடுபவர் அவர். ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார்.

"எங்களையுந்தான் கேட்டாங்கோ, இன்னா வோணும்னு. பஸ்ஸு வோணும்னோம். பஸ் ஸ்டாப்புக்கு ஷெட்டு கட்டிக் குட்த்தாங்கோ." டம்ளரை வைத்தார். "குந்திக்கினு கீறோம்."

சேஷாத்ரி டீயைக் குடித்தார்.

திருத்தம்

எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். அன்று மாலையே லண்டனுக்கு எழுதினேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அறிக்கையை எழுதியது நான் என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில் பழக்க தோஷத்தில், 'நூலகம் என்பதை நடைபாலம் எனத் திருத்திப் படிக்கவும்' என்று முடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. என் நேர்மைக்கு மனமார நன்றி சொல்லியிருந்தார்கள். பாலம் தங்கள் திட்டத்தின் மூன்று பொருட்களில் இல்லை என்றும், வரும் ஆண்டுகளில் பரிசீலிப்பதாகவும், நூலகம் திட்டமிட்டபடி போய்ச் சேரும் என்றும் எழுதியிருந்தார்கள்.

போய்ச் சேர்ந்தது. நான்கு பெட்டி புத்தகங்கள், இரண்டு அலமாரிகள். பர்மா தேக்கு வேண்டாம், உள்ளூர் மரமே போதும், ஆனால் பலகை கனமாக இருக்கட்டும் என்று சேஷாத்ரி அங்கிருந்த தச்சரிடம் போனில் தனியாகச் சொல்லியிருந்தார். புத்தக வகைகளின் பெயர்களைப் பலகையின் விளிம்பில் பெயின்டால் எழுதச் சொன்னதும் அவர்தான். எதையும் ஒழுங்காகச் செய்பவர்.

அடுத்த வாரம் இன்னொரு பெற்றோர் கூட்டம் நடந்தது. இந்த முறை சென்னையில் யாரும் நேரம் குறிக்கவில்லை. டீச்சர் அனுப்பிய கூட்டக் குறிப்பு இரண்டே வரி: 'புத்தகங்களைப் பெட்டியிலேயே வைத்துப் படிக்கலாம். பலகைகள் தேவைப்படுகின்றன.' கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, நாற்பத்திரண்டு பெற்றோர் கையெழுத்து, ஒன்பது கைநாட்டு.

சேஷாத்ரி அதை இரண்டு முறை படித்தார். "சமூகப் பங்கேற்பு... இதுதானே சார்?" என்றார். அவர் கேட்டது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பில் போட்டுவிட்டார்.

லண்டன் ஆறு மாத அறிக்கை கேட்டது. இந்த முறை காத்திருந்தேன். மழை தொடங்கி, தலைமையாசிரியரிடமிருந்து படமும் வருகைப் பதிவின் நகலும் வந்த பிறகே எழுதினேன். 'அனுப்பிய பலகைகள் அனைத்தும் தினமும் பயன்பாட்டில் உள்ளன. மழை மாதத்திலும் மாணவர் வருகை குறையவில்லை.' நான் எழுதியவற்றில் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்கள் இவை. லண்டனில் அதை அப்படியே வெளியிட்டார்கள், நூலகத்தின் பயன் என்ற தலைப்பில். தலைப்பு போடுவது எப்போதுமே வேறு டெஸ்க்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கூட்டம் முடியட்டும், பிறகு எழுதுங்கள். முடிந்தால் கூட்டத்துக்குப் போங்கள்.

அந்தப் படம் இப்போதும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு மரத்தண்டுகள், குறுக்கே பன்னிரண்டு பலகைகள், கீழே செந்நிறத்தில் தண்ணீர். நடுவில் பையுடன் நிற்பவள் ராசம்மாவின் இளைய மகள். அவள் நிற்கும் பலகையின் விளிம்பில் 'அகராதிகள்' என்று எழுதியிருக்கிறது.