பெருச்சாளிக் கார்டு

என் மருமகளை ஊரறியத் திருடி என்று சொன்னவர் வேற்றாள் இல்லை, என் சொந்த மாப்பிள்ளை. நான் பெற்ற மகளைக் கட்டியவர். அதனால் நான் யார் பக்கம் என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் மருமகள் பக்கம். மகளுக்கு வருத்தமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் வாயே திறக்க மாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் வரைந்துவிடுவாள். மாத்திரை அட்டை, செருப்புப் பெட்டி, கிழித்த தேதித்தாள் எதையும் விடமாட்டாள். ஒரு நாள் மாவு டப்பாவின் மூடியில் நானே உட்கார்ந்திருந்தேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"இது யாருடி?" என்றேன்.

"தெரியலையே அத்தை. யாரோ கோவக்காரங்க போல."

அன்றைக்குத்தான் இவளுக்குள் விஷமம் இருப்பது தெரிந்தது. பிடித்தும் போனது.

என் மகன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். அவள் சும்மா இருப்பானேன் என்று மாப்பிள்ளையின் கடைக்கு வேலைக்குப் போனாள். அது கார்டு கடை. சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்து, சூதாட்டக் கடையா வைத்திருக்கிறார் உன் புருஷன் என்று மகளிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். இது பிள்ளைகள் சேர்த்துவைத்து, ஒருவருக்கொருவர் மாற்றி, மோதவிட்டு விளையாடுகிற படக் கார்டு. ஒட்டிய பாக்கெட்டில் வரும். பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். முக்கால்வாசி சாதாரணப் படம், எப்போதாவது தகதகவென்று ஒரு ஜிகினா கார்டு. அந்த ஒன்றுக்காகத்தான் பிள்ளைகள் வாங்குகிறார்கள். பிள்ளைகள் என்ன, தலை வழுக்கையானவர்களே கடை வாசலில் முண்டியடிப்பார்கள்.

மாப்பிள்ளை தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்துப் பாக்கெட் பாக்கெட்டாக விற்பார். ஜிகினா கார்டுகளைத் தனியே கண்ணாடி அலமாரியில் வைத்து யானை விலைக்கு விற்பார். இவ்வளவு ஜிகினா உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று யார் கேட்டாலும், "கைராசிங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

பெட்டி முதலில் அவருடைய உள் அறைக்குப் போகும். பிறகுதான் மருமகளிடம் வரும். அவள் பாக்கெட்டுகளைத் தட்டில் அடுக்குவாள், விற்ற கார்டுகளுக்கு உறை போட்டுத் தபாலுக்குக் கட்டுவாள். உள் அறை மேசையில் நகைக்கடையில் இருப்பது போல ஒரு சின்ன மின் தராசு இருந்தது. தபால் எடை பார்க்க என்று சொல்லியிருந்தார். நாத்தனார் வீட்டுக்காரர், அண்ணன் முறை. அண்ணனைப் போய் யார் துருவிக் கேட்பார்கள்?

ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், கண்ணாடி தடிமனாக இருப்பதால் எல்லோருக்கும் சோடாபுட்டி, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சத்தம் போட்டார்.

"வாராவாரம் வாங்குறோம். ஒரு ஜிகினா வரல. உங்க அலமாரியில மட்டும் மழையா கொட்டுது. என்னய்யா கடை நடத்துறீங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை. கோபத்தில் வாய் தவறிச் சொன்னார் என்றால் போகட்டும் என்று விடலாம். யோசித்துச் சொன்னார்.

"பாக்கெட் அடுக்குறது நான் இல்லைங்க, இந்தப் பொண்ணு. வீட்டுப் பொண்ணுன்னு நம்பினேன். பிரிச்சு எடுத்துட்டுத் திரும்ப ஒட்டுறாளோ என்னவோ."

மருமகளின் பையை வாங்கிக் கல்லா மேசைமேல் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, சில்லறை, கூடவே ஒரு ஜிகினா கார்டு. மூலை மடங்கிய கார்டு. மூலை மடங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று அவரேதான் குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்தார். மினுக்கு எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அவள் வைத்துக்கொண்டாள்.

"நீங்கதானேண்ணே குடுத்தீங்க, மடங்கிடுச்சுன்னு?"

"நானா? எப்பம்மா?" என்றாராம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. கைகால் கழுவிவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அன்றைக்கே மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, உன் மருமகளைக் கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பு. எங்களால தலை காட்ட முடியல" என்றாள்.

"உங்களாலயா தலை காட்ட முடியல? போனை வைடி" என்றேன்.

தெருவில் அவளைக் கண்டால் குழந்தைகள் பையை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கின. காய்கறிக்காரி அவள் காசு கொடுக்கும் வரை கண்ணை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து அவள் திடீரென்று கேட்டாள். "அத்தை, தபால் எடை பார்க்க அவ்வளவு நுணுக்கமான தராசு எதுக்கு?"

வேறு கடையில் அதே கார்டில் ஒரு கைப்பிடி அளவு பாக்கெட் வாங்கினோம். நகைக்கடைக்குப் போனோம், நானும் அவளும். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா, தங்கமா?"

"காகிதந்தான். நிறுங்க" என்றேன்.

"காகிதத்தையா? இங்கயா?"

"கடன் கேட்டா வந்தோம்? நிறுத்துத்தான் பாருங்களேன்."

நிறுத்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததில் ஒன்று மட்டும் ஒரு முடியளவு கனம் கூட. அவள் அதைப் பிரித்தாள். ஜிகினா! மினுக்குத் தாள் ஒட்டியிருப்பதால் அந்தக் கார்டு கொஞ்சம் கனம். ஆக, மாப்பிள்ளை பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. நிறுத்துப் பார்த்துக் கனமானதையெல்லாம் தனக்கு ஒதுக்கிக்கொண்டு, வெறும் பாக்கெட்டைப் பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறார். கேள்வி வந்ததும் பழியை இவள் தலையில் கட்டிவிட்டார்.

"வாடி, இப்பவே போய் நாலு பேர் முன்னாடி கேட்டுடுவோம்" என்றேன்.

"கேட்டா 'பார்த்தியா?'ம்பார். நான் பார்க்கலையே அத்தை. அவர் வாயாலயே வரணும்."

அதற்குப் பிறகுதான் சொந்தமாகக் கார்டு போட ஆரம்பித்தாள். பிழைப்புக்காக என்று மற்றவர்களிடம் சொன்னாள். எதற்காக என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் ஊர்கிற ஜந்துக்களையெல்லாம் போர்வீரர்கள் ஆக்கினாள். கரப்பான் தளபதிக்கு இரண்டு மீசையும் இரண்டு ஈட்டி. பல்லிக்கு வாலை விட்டுவிட்டால் இன்னொரு உயிர். எறும்பு தனியாக வந்தால் தோற்கும், கூட்டமாக வந்தால் தேளையே தூக்கும். அச்சகத்துக்காரர் முதலில் சிரித்தார். "கரப்பானை எவன்மா காசு குடுத்து வாங்குவான்? வீட்டுலயே சும்மா கிடைக்குதே" என்றார். முதலில் போட்டதில் ஜிகினா உரிந்து வந்தது. இன்னொரு தடவை மூலை கத்தி போல இருந்து குழந்தை கையைக் கிழித்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பாக்கெட் வாய் ஒட்டுகிற சூட்டு இயந்திரத்தில் நான் உட்கார்ந்தேன். விரலெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டேன்.

பள்ளிகளுக்கு அருகே இருந்த நோட்டுப் புத்தகக் கடைகளில் பெட்டிகளைக் கொடுத்தோம். பூங்காவில் உட்கார்ந்து ஆடிக் காட்டினாள். கரப்பான் பிடித்துக்கொண்டது. "தளபதி வந்துட்டான்" என்று பிள்ளைகள் கத்துவது எங்கள் வீட்டு மாடி வரை கேட்டது.

பிறகு கடைக்காரர்கள் சொன்னார்கள், பெட்டியை உடைக்காமல் அப்படியே ஒருவர் அள்ளிக்கொண்டு போகிறார் என்று. யார் என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஜிகினாத் தளபதிகள் மாப்பிள்ளையின் கண்ணாடி அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் ஒரு கூத்து நடத்துவார். போனை ஒரு கம்பியில் மாட்டி, ஊரெல்லாம் பார்க்க, கூட்டத்தின் முன்னால் பாக்கெட் பிரிப்பார். ஒவ்வொன்றிலும் ஜிகினா. "கைராசி!" என்று அவரே கைதட்டிக்கொள்வார். மிச்ச வெறும் பாக்கெட் பிள்ளைகளுக்கு. சோடாபுட்டி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்க கார்டுலயும் ஜிகினா வரல. அங்க எடுத்த மாதிரியே இங்கயும் எடுத்துட்டீங்களாம்மா?"

அவர் போன பிறகு மருமகள் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே தாங்காது அத்தை. பேரு திரும்பவும் போகுது" என்றாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

வரைந்தது ஒரு பெருச்சாளி. கொழுத்த தொந்தி, ஒரு கையில் தராசு, இன்னொரு கை விரித்த உள்ளங்கை. அதை ஜிகினாவைவிடக் கனமான தடித்த அட்டையில் அச்சடிக்கச் சொன்னாள். ஜிகினா இல்லாத ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பெருச்சாளி. ஆட்டத்தில் பெருச்சாளி வந்தால் ஒரு சுற்றுச் சும்மா உட்கார வேண்டும். கலந்து வாங்குகிறவனுக்குக் கலந்து வரும். நிறுத்து வாங்குகிறவனுக்குப் பெருச்சாளியைத் தவிர ஒன்றும் வராது. ஒட்டும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒழுங்கா ஒட்டுங்க அத்தை, வாய் கோணுது" என்றாள். என் வாயைச் சொன்னாளா, பாக்கெட் வாயையா, தெரியாது.

பெட்டிகள் நோட்டுக் கடைகளுக்குப் போயின. மாப்பிள்ளை அள்ளிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றோம். காலையில் லேசான பாக்கெட்டுகளைப் பிள்ளைகளுக்கு விற்றுவிட்டு, இந்தத் தடவை கனமானவை இத்தனையா என்ற பூரிப்போடு அவற்றைப் பிரிக்காமல் மேசைமேல் குவித்து வைத்திருந்தார். மகள் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க கைராசியை" என்று முதல் பாக்கெட்டைக் கிழித்தார். பெருச்சாளி. கூட்டம் சிரித்தது. "திருஷ்டி கழிஞ்சுது" என்று இரண்டாவதைக் கிழித்தார். பெருச்சாளி. அதற்கடுத்ததும் பெருச்சாளி. மேசையெல்லாம் தராசு பிடித்த பெருச்சாளிகள், உள்ளங்கையை விரித்துக்கொண்டு. போனில் பார்க்கிறவர்கள் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள்.

சோடாபுட்டியின் மகன் வாசலில் தன் பாக்கெட்டுகளைப் பிரித்துவிட்டுக் கூவினான். "அப்பா, ஜிகினா! இதுலயும் ஜிகினா!"

சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "எங்களுக்கெல்லாம் ஜிகினா வருது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க அத்தனையும் பெருச்சாளி?"

"அதான் எனக்கும் புரியல. நிறுத்துப் பார்த்தப்போ எல்லாம் நல்ல கனமாத்தானே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மகள் கையில் விசிறி நின்றது.

"எதை நிறுத்துப் பார்த்தீங்க?" என்றார் சோடாபுட்டி.

மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "சொல்லுங்கண்ணே. கேக்குறாங்கல்ல" என்றாள். அவர் சொல்லாததை அவளே சொன்னாள், சத்தம் போடாமல், ஒன்றன்பின் ஒன்றாக. உள் அறைக் கதவை யாரோ திறந்தார்கள். தராசு அங்கேயே இருந்தது, தட்டில் ஒரு பாக்கெட்டோடு.

"ஏதோ தெரியாம நடந்துடுச்சும்மா" என்றார்.

"தெரியாமன்னு வேணாம். 'இவ எடுக்கல'ன்னு சொல்லுங்க."

"எடுக்கல" என்று முணுமுணுத்தார்.

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல மாப்பிள்ளை" என்றேன் நான்.

"இவ எடுக்கல! நான்தான்... இவ எடுக்கல" என்று கத்தினார். கம்பியில் மாட்டிய போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

இப்போது காய்கறிக்காரி, "என்ன வேணும்மா, நீயே பொறுக்கிக்க" என்கிறாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று மருமகள் நினைக்கிறாள். எனக்குப் போதாது.

போன வாரம் மகள் வந்தாள். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். "அம்மா, ரோட்டுல போனா பெருச்சாளி வீட்டுக்காரின்னு கூப்பிடுறாங்க. அந்தக் கார்டை மட்டும் நிறுத்தச் சொல்லும்மா."

"உன் தம்பி பொண்டாட்டியைத் திருடின்னப்போ நீ எதை நிறுத்தின?" என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

மருமகள்தான் பதமாகச் சொன்னாள். "நிறுத்தலாம்னுதான் பார்த்தேன் அண்ணி. ஆனா பிள்ளைங்க இப்ப பெருச்சாளியைத்தான் தேடுறாங்க. தளபதியைக் குடுத்துட்டுப் பெருச்சாளியை வாங்குறாங்க. என்ன செய்யட்டும்?"

என்ன செய்தாள் தெரியுமா? பழைய பெருச்சாளிக் கார்டில் மிச்சம் இருந்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிட்டாள். புது அச்சில் பெருச்சாளியே ஜிகினா. எப்போதாவதுதான் வரும். எடை குறைகிற பாக்கெட்டிலெல்லாம் வெற்று அட்டை வைத்து எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டாள், இனி எந்தத் தராசுக்கும் வேலையில்லை. மீசை மட்டும் நான் வைக்கச் சொன்னேன், மாப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி நுனியை முறுக்கி. மாட்டேன் என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். வரைந்து கொடுத்தாள்.

மாப்பிள்ளை கடையை மூடவில்லை. பிழைக்க வேண்டுமே. வருகிறவர்கள் கேட்பது அந்தக் கார்டைத்தான் என்பதால், எங்களிடமே ஆள் அனுப்பி வாங்கிக் கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் நிற்க வைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அவரே கையால் எடுத்து, மூலை மடங்காமல், உறையில் போட்டுக் கொடுக்கிறாராம். வாங்குகிறவர்கள் கார்டை ஒரு தடவை பார்க்கிறார்கள், அவர் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார்கள்.